தொற்றில் இறந்தவரை வழியனுப்பும்போது வீட்டுப் பெண்கள் என்னென்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: 2020, 2021-இல் சென்னையில் கொரோனாவால் இறந்தவர்களின் வீட்டுப் பெண்கள் பலர் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போனது. சட்டமும் மருத்துவமும் உண்மையில் எதைத் தடுத்தன? நாளை இன்னொரு தொற்று வந்தால் சடங்கில் எதை விடலாம், எதை விடக்கூடாது, பெண்கள் எதையெல்லாம் தாங்களே முடிவு செய்யலாம்?

நம் ஊர்ச் சாவுக்கு இரண்டு பாதி உண்டு. ஒன்று வீட்டில் நடப்பது, இன்னொன்று காட்டில், அதாவது மயானத்தில், நடப்பது. எண்ணெய், சீயக்காய் வைத்துக் குளிப்பாட்டுவது, பிறந்த வீட்டுக் கோடி போடுவது, வாய்க்கரிசி, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது, ஒப்பாரி என்று வாசலில் நடப்பதில் பெரும்பகுதி பெண்கள் கையில் இருக்கிறது. பாடை தெருமுனையைத் தாண்டியதும் பெண்கள் வீடு கழுவத் திரும்பிவிடுவார்கள். கொள்ளி, குடம் உடைப்பது, மறுநாள் பால் தெளிப்பது எல்லாம் ஆண்களுக்கு. முஸ்லிம் வீடுகளிலும் இதே பிரிவு இருக்கிறது. பெண் மையத்தை, அதாவது இறந்த பெண்ணின் உடலை, குளிப்பாட்டிக் கஃபன் என்ற வெள்ளைத் துணியில் சுற்றுவது பெண்கள், கபரஸ்தான் என்ற அடக்க நிலம் வரை போவது ஆண்கள். கிறிஸ்தவ வீடுகளில் பெண்கள் கல்லறை வரை வருவார்கள். ஆனாலும் உடுத்துவதும் பெட்டியில் கிடத்துவதும் பக்கத்தில் உட்கார்ந்து பாடி ஜெபிப்பதும் வீட்டில்தான்.

கொரோனாவில் உடல் வீட்டுக்கு வரவே இல்லை. மருத்துவமனையிலிருந்து நேரே காட்டுக்குப் போனது. ஆண்களின் பாதி சுருங்கினாலும் நின்றது, பெண்களின் பாதி அடியோடு போய்விட்டது. 'பெண்கள் வரக்கூடாது' என்று யாரும் உத்தரவு போடவில்லை. வீடு என்ற கட்டம் நீங்கியதும் அதோடு சேர்ந்து அவர்களும் நீங்கிப்போனார்கள். எனவே செய்ய வேண்டியது இரண்டு. வீட்டுப் பாதியில் முடிந்ததைப் பிணவறை வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். மீதிக்குப் பெண்கள் காட்டுக்கே போக வேண்டும்.

விதி என்ன சொன்னது என்று பார்ப்போம். மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 15 அன்று உடல்களைக் கையாள்வதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. குளிப்பாட்டக் கூடாது, முத்தமிடக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, எம்பாம் செய்யக் கூடாது (உடல் கெடாமலிருக்க மருந்தேற்றுவது), பெருங்கூட்டம் கூடாது. தடை இவ்வளவுதான். அதே ஆவணம் அனுமதித்தவற்றைப் பெரும்பாலான குடும்பங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பையின் முகப்பக்க ஜிப்பை ஊழியர் திறந்து காட்ட, உறவினர்கள் கடைசியாக ஒரு முறை பார்க்கலாம். வேதம் வாசிப்பது, புனித நீர் தெளிப்பது என்று உடலைத் தொடாத எந்தச் சடங்கையும் செய்யலாம். பையைச் சுற்றிக் குடும்பத்தார் கொடுக்கும் துணியைப் போர்த்தலாம். சாம்பலால் எந்த ஆபத்தும் இல்லை, வாங்கிக்கொள்ளலாம். அந்தத் துணி பற்றிய வரியைக் கவனியுங்கள். நம் கோடித் துணிக்கு அந்த வழிகாட்டுதலிலேயே இடம் இருந்தது. கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. கையுறை, கவுன், முகக்கவசம், கண் பாதுகாப்பு அணிந்தவர்கள் கொரோனாவில் இறந்தவரின் உடலைக் கழுவி உடுத்தலாம் என்றது. தொற்றுநோயில் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது பரவலான தவறான நம்பிக்கை என்றும் எழுதியது. இந்திய விதி குளிப்பாட்டுவதை மொத்தமாகத் தடுத்தது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. விதிகளை மறுபடி எழுதும் நாள் வரும்போது, 'பயிற்சி பெற்ற பெண்கள் பாதுகாப்பு உடையோடு கழுவலாம்' என்ற கோரிக்கையை வைப்பதற்கு மருத்துவ ஆதாரம் உண்டு.

ஆனால் இதை எல்லா நோய்க்கும் பொருத்திவிடாதீர்கள். கொரோனா முக்கியமாக மூச்சு வழியாகப் பரவும் நோய். இறந்தவர் மூச்சு விடுவதில்லை, இருமுவதில்லை. ஆகவே உடலைவிட அதைச் சுற்றிக் கூடியவர்களால்தான் ஆபத்து அதிகம். எபோலா நேர் எதிர். உயிர் போன பிறகும் உடல் நீர்களில் கிருமி வீரியத்தோடு இருக்கும். கையால் குளிப்பாட்டியவர்களுக்கு அது பாய்ந்து பரவியது. குளிப்பாட்டுவது பெண்கள் வேலையாக இருந்த இடங்களில் பெண்கள்தான் அதற்கு முன்னால் நின்றார்கள். 2014-இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் முதலில் உடல்களைக் கறுப்புப் பையில் போட்டு, யாருக்கும் சொல்லாமல் எடுத்துப் போனார்கள். ஊர்கள் கொதித்தன, உடல்களை ஒளித்துவைத்தன, இரவில் தாங்களே புதைத்தன, நோய் கூடியது. அதன் பிறகுதான் பாதுகாப்பும் கண்ணியமும் சேர்ந்த அடக்க முறையை உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு நவம்பரில் வகுத்தது. கஃபன் நிறமான வெள்ளையில் பைகள் வந்தன. தண்ணீர் தொடாமல் தூய மண்ணால் தூய்மை செய்யும் தயம்மும் என்ற வழி வந்தது. அடக்கக் குழுக்களில் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள், பெண்ணின் உடலைப் பெண்ணே தூக்க வேண்டும் என்று ஊர்கள் கேட்டதால். பையின் நிறம் அற்பமாகத் தெரியலாம், ஆனால் அதை மாற்றியதும் கதவுகள் திறந்தன.

இனி நடைமுறைக்கு வருவோம்.

முகம் பார்ப்பதற்குச் சரியான இடம் வார்டு, பிணவறை அல்ல. வார்டில் பையை மூடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். மூடி, வெளிப்புறம் கிருமிநாசினி தெளித்து, பிணவறைப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு மறுபடி திறக்க ஊழியர்கள் தயங்குவார்கள். அவர்களுக்கும் ஒவ்வொரு முறையும் முழு உடை போட்டுக் கழற்றுகிற வேலை. நோயாளி கவலைக்கிடம் என்று சொன்ன அன்றே, 'அப்படி ஏதாவது நடந்தால் அம்மாவும் மகளும் முகம் பார்க்க வேண்டும், பையை மூடுவதற்கு முன் கூப்பிடுங்கள்' என்று பொறுப்பு செவிலியரிடம் சொல்லி, இரண்டு கைப்பேசி எண்களை எழுதிக் கொடுங்கள். ஒரு எண் போதாது. அழுதுகொண்டிருக்கும் வீட்டில் போனை எடுக்க ஆள் இருக்காது.

பார்க்கும்போது இரண்டு இரண்டு பேராகப் போங்கள். முகக்கவசம் போட்டு ஒரு மீட்டராவது எட்டி நில்லுங்கள், குனியாதீர்கள். ஜிப் மார்பு வரை திறந்தால் போதும். வீட்டில் தனிமையில் இருப்பவர் பார்க்க வேண்டுமென்றால் வீடியோ அழைப்பை முன்பே இணைத்து வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். அங்கே போய் எண் தேடினால் கிடைக்கும் சில நிமிடமும் அதிலேயே போய்விடும். அந்த நேரத்தில் இன்னொரு வேலையும் உண்டு. மணிக்கட்டில் கட்டிய அட்டையிலும் பையின் மேல் ஒட்டியதிலும் பெயர், வயது, பால், உள்நோயாளி எண் நான்கும் ஒத்துப்போகிறதா என்று ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். உடல் மாறிப்போவது இந்தப் படி தவறும்போதுதான். முகம் பார்த்தல் மனசுக்காக மட்டும் இல்லை, அடையாளம் உறுதி செய்வதற்கும் அதுவே நல்ல வழி. தயங்குகிற ஊழியரிடம் இந்தக் காரணத்தைச் சொன்னால் இணங்கிவிடுவார்.

நகை பற்றி முன்கூட்டியே யோசியுங்கள். அனுமதிக்கும்போதே வளையல், தோடு, மூக்குத்தியைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. தாலியையும் மெட்டியையும் கழற்றப் பல பெண்கள் ஒப்புவதில்லை. அது அவர்கள் விருப்பம், வற்புறுத்தாதீர்கள். உடலில் இருப்பதைப் பட்டியலாக எழுதிக் கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள், அதை ஒரு படமும் எடுத்துவையுங்கள். இறந்த பிறகு கழற்றிக் கொடுக்கப்படும் நகையைப் பிளீச்சிங் கரைசலில் போட்டுவிடாதீர்கள். வெள்ளி மெட்டி கறுத்துவிடும், நகையின் பற்றவைப்பு அரிக்கும். கொரோனாக் கிருமிக்குக் கொழுப்பு உறை உண்டு, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தாலே அது உடைந்துவிடும்.

வீட்டிலேயே இறந்தால் படுக்கை, தரை, கட்டில் கால்களைத் துடைக்க 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் வேண்டும். கடையில் 5 சதவீதம் என்று போட்ட திரவம் கிடைத்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். பிளீச்சிங் பவுடர் என்றால், புதுசாக, சுமார் 30 சதவீதக் குளோரின் உள்ளதாக இருந்தால், ஒரு லிட்டருக்கு 33 கிராம். வாய் திறந்து கிடந்த பொட்டலம் வீரியம் இழந்திருக்கும், வாசனை காட்டாத பவுடரை நம்பாதீர்கள். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். பினாயிலோ கழிப்பறை ஆசிடோ அதோடு சேரக்கூடாது. ஆசிடோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சு அடைக்கும். துக்க வீட்டில் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாளியில் ஊற்றுவதால்தான் இப்படி நேர்கிறது.

கோடித் துணி பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் புடவை கேஸ் தகன மேடையில் உருகி ஒட்டும். பையின் வெளிப்புறத்தைக் கிருமிநாசினியால் துடைத்து, அது காய்ந்த பிறகே போர்த்த வேண்டும். ஈரத்தில் போர்த்தினால் ஹைப்போகுளோரைட் பட்டுச் சாயம் திட்டுத்திட்டாய் வெளுத்துப்போகும். அம்மாவுக்கென்று தேடி எடுத்த புடவை அப்படி ஆனதைப் பார்ப்பது இன்னொரு துயரம். மாலையில் உள்ள கம்பி, பிளாஸ்டிக் நூல், ஜிகினாவை எடுத்துவிடுங்கள். முழுத் தேங்காய் உள்ளே போகக் கூடாது, வெடிக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் அதை வார்டிலேயே கட்டாயம் சொல்ல வேண்டும். சூட்டில் அதுவும் வெடிக்கும். பிரேதப் பரிசோதனையைத் தவிர்க்கும் தொற்றுக் காலத்தில் இதை யாரும் தானாகக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

வாய்க்கரிசியை வாயில் போட முடியாது. அரிசியை மஞ்சள் துணியில் சின்ன முடிச்சாகக் கட்டி, பையின் மேல் மார்புப் பக்கம் வைக்கலாம், அல்லது ஒவ்வொருவரும் பையின் மேல் தூவலாம். உடலைக் குளிப்பாட்ட நீர் கொண்டுவரும் நீர்மாலைச் சடங்குக்கு வீட்டிலிருந்து மூடி போட்ட செம்பில் தண்ணீர் எடுத்துப்போய்த் தெளிக்கலாம். நெய்ப்பந்தத்தை எட்டி நின்று சுற்றலாம். ஆனால் குழந்தைகளை மருத்துவமனை வளாகத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள், அதை வீட்டில் படத்துக்கு முன் வைத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் தொடாத சடங்குகள், விதிக்குள் அடங்குபவை. மொத்தமாக ஏழெட்டு நிமிடத்துக்குள் முடியும்படி தட்டை வரிசையாக அடுக்கிப் போங்கள். அமரர் ஊர்தி ஓட்டுநருக்கு அடுத்த வீடு காத்திருக்கும். அரசின் இலவச அமரர் ஊர்திக்கு 155377 என்ற எண் இருக்கிறது. எத்தனை பேர் உடன் வரலாம் என்பதைக் கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள்.

தீ பற்றி ஒரு எச்சரிக்கை. கையில் சானிடைசர் தடவி, அது காய்வதற்குள் கற்பூரமோ கொள்ளியோ பிடித்தால் கை பற்றிக்கொள்ளும். ஆல்கஹால் எரியும் சுடர் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. வெள்ளைப் பாதுகாப்பு உடை பிளாஸ்டிக் இழையால் ஆனது, தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கொள்ளி வைப்பவர் உடலைத் தொடாமல் எட்டி நிற்கும்போது அந்த உடை அவருக்குத் தேவையே இல்லை. பருத்தி உடை, முகக்கவசம், முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவுதல் போதும். மகள் கொள்ளி வைப்பதென்றால் புடவையை இழுத்துச் செருகிக்கொள்ளட்டும், துப்பட்டா வேண்டாம்.

மகள் கொள்ளி வைக்கலாமா, மனைவி மயானத்துக்குப் போகலாமா என்ற கேள்விக்குச் சட்டம் தெளிவு. தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. சென்னை மாநகராட்சி மயானங்களில் பெண்கள் நுழையக் கூடாது என்ற விதியும் இல்லை. இருப்பது வழக்கம் மட்டுமே. 2020 மார்ச்சில் பன்னாட்டு விமானங்கள் நின்றபோது, மகன் வெளிநாட்டில் சிக்கியிருந்த வீடுகளில் அந்த வழக்கம் தானாகத் தளர்ந்தது. அண்ணா நகர்ப் பக்கம் உள்ள வேலங்காடு மயானத்தை 2014 முதல் ஒரு தொண்டு நிறுவனம் பெண் ஊழியர்களைக் கொண்டே நடத்தியது. அதன் மேலாளர் பிரவீணா சாலமனுக்கு 2018-இல் மத்திய அரசின் விருது கிடைத்தது. பதிவேடு, சாம்பல் ஒப்படைப்பு, தகன மேடை என எல்லாம் பெண்கள் பார்த்த இடம் அது. மயானத்தில் பெண்ணா என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே இந்தப் பதில் இருக்கிறது.

அதே வேலங்காட்டில்தான் 2020 ஏப்ரல் 19 இரவு அந்தக் கொடுமை நடந்தது. கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை ஒரு கும்பல் கல்லும் கட்டையும் கொண்டு விரட்டியது. கடைசியில் சக மருத்துவர் ஒருவர் ஒருசிலர் துணையோடு, கையில் மண்வெட்டி பிடித்து நள்ளிரவில் புதைத்தார். மறைந்தவர் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாக விரும்பினார். அவர் மனைவி அந்த ஒரு ஆசையை முன்வைத்து முதலமைச்சரிடம் பகிரங்கமாகக் கேட்டார், மாநகராட்சி மறுத்தது, உயர் நீதிமன்றம் வரை போனார். தனக்கென்று எதையும் அவர் கேட்கவில்லை. கணவரை எங்கே கிடத்துவது என்று சொல்லும் மனைவியின் உரிமையைக் கேட்டார். இதில் நடைமுறைப் பாடம் ஒன்று இருக்கிறது. புதைத்த உடலைத் தோண்டி எடுத்து இடம் மாற்ற அனுமதி வாங்குவது மிகக் கடினம், தொற்று நோய் என்றால் இன்னும் கடினம். எந்த இடம் என்பதை உடல் வளாகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 2020 ஏப்ரல் 26 அன்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தியது. அறிவிக்கப்பட்ட நோயில் இறந்தவரின் அடக்கத்தையோ தகனத்தையோ தடுத்தால் 1 ஆண்டுக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். கண்ணியமான அடக்கம் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. தடுப்பவர்களிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். காவல் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்து, 'தகனத்தைத் தடுக்கிறார்கள், பொதுச் சுகாதாரச் சட்டப்படி குற்றம்' என்ற வார்த்தைகளோடு புகார் சொல்லுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

20 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு வந்தபோது, அந்த 20 இடமும் பழக்கத்தால் ஆண்களுக்கே போனது. பங்காளிகள், மாமன், மச்சான், கட்சிக்காரர், தெருப் பெரியவர் என்று எண்ணி முடித்தால் மனைவிக்கு இடமில்லை. எண்ணிக்கை வரம்பு வந்தால் பட்டியலை மறுபக்கத்திலிருந்து எழுதுங்கள். மனைவி, தாய், மகள், உடன்பிறந்தவள், கடைசியாக அருகிலிருந்து பார்த்துக்கொண்ட பெண் முதலில் வரட்டும். மீதி இடம் மற்றவர்களுக்கு.

முஸ்லிம் குடும்பங்களுக்குத் தனியாகச் சில. தண்ணீரால் குளிப்பாட்ட வழியில்லாதபோது தயம்மும் போதும் என்பது ஃபிக்ஹ் என்ற இஸ்லாமியச் சட்டவியலில் பழைய சட்டம், புதிய சலுகை அல்ல. அதற்கும் வழியில்லாவிட்டால் இருக்கிற நிலையிலேயே ஜனாஸா என்ற இறந்தவருக்கான தொழுகையைத் தொழுது அடக்கலாம் என்று அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். கஃபன் பெண்ணுக்கு ஐந்து துணி, ஆணுக்கு மூன்று. மடித்துவைத்து, பையின் மேல் கடைசி விரிப்பாகச் சுற்றலாம். பெண் மையத்துக்குப் பெண்களே தயம்மும் செய்ய வேண்டும். அதனால் பள்ளிவாசலைச் சுற்றிய ஒவ்வொரு மஹல்லாவிலும் மையத்துக் குளிப்பாட்டத் தெரிந்த பெண்கள் நாலைந்து பேருக்குப் பாதுகாப்பு உடை போடவும், முக்கியமாகக் கழற்றவும், முன்பே பயிற்சி கொடுக்க வேண்டும். போடுவதில் பெரிதாக ஆபத்தில்லை. கழற்றும்போது வெளிப்புறத்தைத் தொட்டுவிட்டு முகத்தைத் தொடுவதில்தான் தொற்று. முதலில் கையுறை, பிறகு கவுனை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டி, கை கழுவி, கண்ணாடி, கடைசியில் முகக்கவசம், மறுபடி கை கழுவுதல். ஒருவர் கழற்றும்போது இன்னொருவர் எதிரில் நின்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். பெண்கள் வீட்டிலேயே ஜனாஸாத் தொழுகை தொழ முடியுமா என்றால், உடல் இல்லாமல் தொழும் காயிப் ஜனாஸாவை ஷாஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு) ஏற்கிறது, ஹனஃபி ஏற்பதில்லை. உங்கள் மத்ஹப் பார்த்துக்கொள்ளுங்கள். கணவர் இறந்தபின் மனைவி காக்கும் இத்தாக் காலமான 4 மாதம் 10 நாளும் வாசல் தாண்டக் கூடாது என்று சிலர் அரசு அலுவலகத்துக்குப் போவதையும் தள்ளிப்போடுகிறார்கள். அவசியத் தேவைக்குப் பகலில் வெளியே போக அனுமதி உண்டு.

இதில் இலங்கையின் அனுபவம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் அங்கே எரிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளே ஆன குழந்தையைப் பெற்றோர் சம்மதமின்றி எரித்த பிறகு, மக்கள் கொழும்பு மயான வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். 2021 பிப்ரவரி இறுதியில்தான் அடக்கம் அனுமதிக்கப்பட்டது, அதுவும் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில். கொழும்பில் இறந்தவரின் மனைவி கபரைப் பார்க்க நாட்டின் மறுகோடிக்குப் போக வேண்டிய நிலை.

கிறிஸ்தவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் தாளில்தான். கல்லறை அனுமதிக்கு ஆலயக் கடிதம் வேண்டும். சபைப் பதிவும் சந்தாவும் கணவர் பெயரில் மட்டும் இருந்தால் அவர் போன பிறகு மனைவி அலைய நேரும். இரண்டு பெயரிலும் பதியச் சொல்லுங்கள். குடும்பக் கல்லறையைத் திறந்து அடக்க வேண்டுமென்றால் அதற்குக் காத்திருப்புக் காலம் உண்டு, முன்பே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குழிக்கு இரண்டு நீளக் கயிறுகளுக்குப் பதில் மூன்று வையுங்கள். பையோடு கூடிய பெட்டி வழக்கத்தைவிடக் கனக்கும், சாய்ந்தால் மேலே நிற்கும் குடும்பத்தார் பதறி ஓடி வந்து பிடிப்பார்கள். பிடி மண் போடும்போது மண்வெட்டியைக் கைமாற்றாமல் ஒவ்வொருவரும் கையாலேயே எடுத்துப் போட்டு, பிறகு கழுவிக்கொள்ளலாம்.

ஒப்பாரிக்கு வருவோம், இதுதான் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டி, நெற்றியோடு நெற்றி முட்டி, உரத்த குரலில் அழுது பாடுவது நம் முறை. மூச்சில் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பனி என்ற சிறு நகரில், 2020 பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் நடந்த சாவு வீடுகளிலிருந்துதான் நோய் ஊரெங்கும் பரவியது. ஆனால் ஒப்பாரியைத் தடை செய்வது பதில் இல்லை. அழ இடமில்லாத துக்கம் நெஞ்சில் தங்கிவிடும். கூடத்தில் வேண்டாம், வாசலில் அல்லது மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தல் போட்டால் பக்கத்துணி கட்டாதீர்கள், காற்று ஓடட்டும். இரண்டு கை நீட்டும் தூரம் விட்டு உட்காருங்கள். கட்டிப்பிடிப்பதற்குப் பதில் ஒரே நீளப் புடவையை ஆளுக்கொரு இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். பாடத் தெரிந்த ஒரு ஆயா முன்னால் சொல்ல, மற்றவர்கள் முகக்கவசத்தோடு தாழ்ந்த குரலில் வாங்கட்டும். தனிமையில் இருக்கும் மகளுக்குப் போனை ஒலிபெருக்கியில் போட்டு நடுவில் வையுங்கள். அவளும் தன் முறைக்குச் சொல்லி அழலாம். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்த பெண்ணுக்கு ஏற்கெனவே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அவரைத் தொடாமல் சுற்றி நில்லுங்கள், விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

காகிதங்களில் பெண்கள் கையெழுத்துப் போடுவதை நான் சடங்கைவிட முக்கியமாகச் சொல்வேன். உடலைப் பெற்றுக்கொள்ள ஆண் உறவினர்தான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 'ஆம்பளைங்க யாரும் வரலையா' என்ற கேள்வி வெறும் பழக்கம். மனைவி அடையாள அட்டையோடு கையெழுத்திடலாம். மயான ரசீதில் விண்ணப்பதாரர் பெயர் யாருடையது என்று பாருங்கள். கொழுந்தனார் பெயரில் போய்விட்டால் பிற்பாடு ஒவ்வொரு மேசையிலும் அவரை அழைத்துவரச் சொல்வார்கள். மருத்துவமனை இறப்பை அவர்களே பதிவுக்கு அனுப்புவார்கள், 21 நாளுக்குள் பதிவாக வேண்டும். அதற்கு முன் இறந்தவர், தாய், தந்தை, துணைவர் பெயர்களின் எழுத்தை ஆதாரில் உள்ளபடி எழுதிக் கொடுங்கள். ஒரு இனிஷியல் பிசகினால் வாரிசுச் சான்றிதழ் வரை இழுக்கும். 2021-இல் கொரோனா இறப்புக்கு 50,000 ரூபாயும், பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு 3 லட்சமும், இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சமும் அரசு அறிவித்தபோது, இந்தத் தாள்கள் கையில் இருந்தவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது. உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் நால்வரும் முதல் வாரிசுகள். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் விலக்கி எழுதிக் கொடுத்தால் விண்ணப்பமே நின்றுவிடும்.

கடைசியாகப் பத்தாம் நாள் அல்லது பதினாறாம் நாள். தாலி அறுப்பது, வளையல் உடைப்பது, பொட்டு அழிப்பது. நோயிலிருந்து அப்போதுதான் எழுந்த, மூச்சு வாங்குகிற பெண்ணை நடு இரவில் உட்காரவைத்து இதைச் செய்வதற்கு மருத்துவமும் துணை நிற்காது, சட்டமும் கேட்காது. மகாராஷ்டிராவின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமம், கொரோனாவில் இளம் விதவைகள் பெருகியதைக் கண்டு, 2022 மே மாதம் ஊராட்சித் தீர்மானம் போட்டு இந்தச் சடங்குகளைக் கைவிட்டது. மாநில அரசும் மற்ற ஊராட்சிகளைப் பின்பற்றச் சொன்னது. நம் ஊரில் தீர்மானம் வரும்வரை ஒரு வீட்டுக்குள் இதைச் செய்ய வழி உண்டு. அன்று இரவு சபையில் அந்தப் பெண்ணே எழுந்து 'வேண்டாம்' என்று சொல்லும்படி விடாதீர்கள், அந்த நிலையில் அவருக்கு அதற்குத் தெம்பு இருக்காது. எட்டாம் நாளுக்குள் அவரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மாமியாரோ தாயோ மூத்த நாத்தனாரோ உறவுக்காரப் பெண்களுக்குப் போன் போட்டு, 'எங்க வீட்டுல இது கிடையாது, வர்றவங்க பூ வாங்கிட்டு வாங்க' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூத்த பெண் ஒருத்தி சொன்னால் தெருவில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.